மலைநாட்டானின் முதல் துப்பாக்கி

உதகமண்டலத்தின் மேற்கு ஓரத்தில் காந்தல் என்னும் பகுதி இருக்கிறது. குருசடித் திருத்தலத்தால் அவ்வூரைப் பலரும் அறிவர். காந்தல்மந்து என்று ஒரு தோடர் குடியிருப்பைப் பழைய ஆங்கில ஏடுகள் குறிப்பிடுகின்றன. அக்காலத்தில் காந்தலைக் கடந்து மேற்கே நடந்தவனுக்கு நகரம் முதுகுப்புறம் மறைந்துவிடும். கண்ணுக்கெட்டிய வரை அலை அலையாய்ப் புல்வெளிதான். சென்னை மாகாணத்து ஆளுநர் ஒருவரின் பெயரால் வென்லாக் புல்வெளி என வழங்கிய அந்த நிலத்தின் பெரும்பகுதியை இன்று தைலமரமும் சீகையும் பைனும் மூடிக்கொண்டுவிட்டன. ஆயினும் ஏதேனும் ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்தால், எதிர்க்குன்றின் சரிவில் மேயும் எருமை எவ்வளவு அருகில் இருப்பதுபோல் தோன்றுகிறது, நடந்து சென்றால் எவ்வளவு தொலைவாய் இருக்கிறது என்பதை இப்போதும் உணரலாம். இந்தக் கண்மயக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் நம் பேச்சின் பொருள் எளிதில் விளங்கும்.

பொருள் சற்று விந்தையானதுதான். நீலகிரியில் வாழ்ந்த ஒரு நடுத்தர வருவாய்க்காரன், தொலைதூரம் சுடக்கூடிய தன் முதல் ரைபிளை எவ்வாறு தேர்ந்தெடுத்திருப்பான்? கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து, கடைக்காரன் காட்டியவற்றுள் நல்லதை எடுத்திருப்பான் என்று தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவன் கடைவாசலை மிதிக்கும் முன்பே அவனுக்கான துப்பாக்கியை வேறு சிலர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். முக்கூர்த்திச் சிகரத்தை ஒட்டிய நீலகிரியின் மேற்கு விளிம்பு, மலையாளக் காடுகளை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. அந்தப் பாறை விளிம்பில் வாழ்வது வரையாடு. சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்லும் விலங்கு இதுவே. இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. ஆங்கில வேட்டைக்காரர்கள் இதனை ஐபெக்ஸ் என்று தவறாக அழைத்தார்கள். மந்தை மேயும்போது ஓர் ஆடு உயர்ந்த பாறையில் நின்று கீழ்ப்புறத்தையே நோக்கிக் காவல் காக்கும். ஆகவே கீழிருந்து எவனும் அணுக இயலாது. மேலே சுற்றி வந்து விளிம்பில் படுத்துத்தான் குறி பார்க்க வேண்டும். அங்கிருந்து ஆட்டுக்கு இருநூறு கெஜம் இருக்கலாம், முந்நூறும் இருக்கலாம். இடையில் பள்ளத்தாக்கு, மேலே கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும் மூடுபனி.

ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்தபோது இத்தகைய தொலைவில் சுடவல்ல துப்பாக்கி சாதாரணமாகக் கிடைக்கவில்லை. அன்றைய படைத்துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. அதிலிருந்து புறப்படும் ஈயக் குண்டு நூறு கெஜத்துக்கு அப்பால் எங்கே போகும் என்று சுடுபவனுக்கே தெரியாது. குழலின் உட்சுவரில் திருகுபுரிபோலக் கோடுகள் வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டே வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தலை கவிழாமல் நேரே செல்லும். இந்தப் புரிகுழல் துப்பாக்கியே ரைபிள் எனப்பட்டது. அதன் நன்மை ஐரோப்பாவில் நெடுநாளாய்த் தெரிந்ததுதான். ஆயினும் வாய்ப்புறத்திலிருந்து மருந்தும் குண்டும் இட்டுக் கம்பியால் இடிக்க வேண்டியிருந்ததால், புரியில் குண்டைப் பொருத்துவது பெரும்பாடாக இருந்தது. அந்தத் தடையை நீக்கிய என்பீல்டு ரைபிள் 1853-இல் வந்தது. கொழுப்புத் தடவிய அதன் தோட்டா 1857-இல் என்ன செய்தது என்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அந்தத் தோட்டாவின் நிழல் நம் கதையின் இறுதிவரை தொடர்ந்து வருவதால் அதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்து வந்த மாற்றம் தாழ்ப்பாள். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் திறக்கிறது. முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. துப்பாக்கிக் குழலின் பின்வாயை இவ்வாறே திறந்து மூட முடியுமானால், படுத்த நிலையிலிருந்து எழாமலே மறுகுண்டு இடலாம். இதனைப் படைக்கலமாக்கிக் காட்டியவர் ஜெர்மானியரான திரைசே. பிரஷ்யா அவரது துப்பாக்கியை 1841-இல் ஏற்றுக்கொண்டது. மௌசர் சகோதரர்கள் அதனை வளர்த்தார்கள். 1898-ஆம் ஆண்டின் மௌசர் அமைப்பு இன்றளவும் பல வேட்டை ரைபிள்களுக்குத் தாய் வடிவம். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர், தாழ்ப்பாளின் அடியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியைப் பொருத்தினார். பிரிட்டிஷ் படை அவருடைய அமைப்பை 1888-இல் எடுத்துக்கொண்டது. 1895-இல் அது லீ-என்பீல்டு ஆயிற்று. இந்தியச் சிப்பாய் இரண்டு உலகப் போர்களிலும் தோளில் சுமந்தது அதன் 303 துளை ரைபிளைத்தான்.

துளை என்ற சொல்லை இங்கே விளக்கிவிடுகிறேன். குழலின் உள்விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கூறுவது ஆங்கிலேயர் வழக்கம். 303 என்றால் ஆயிரத்தில் முந்நூற்று மூன்று பங்கு. அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த எண்தான் பின்னர் சட்டத்தின் கைப்பிடி ஆயிற்று.

தாழ்ப்பாள் ரைபிள் எளியவனுக்கு எட்டியது எப்படி? லண்டன் மாநகரின் பெயர்பெற்ற கொல்லர்கள் செய்த இரட்டைக்குழல் ரைபிளில் இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுடுமாறு இணைக்க வேண்டும். ஒரு கைவினைஞன் சுட்டுப் பார்த்து, ஆப்பைச் சிறிது நகர்த்தி, மீண்டும் சுட்டு, மீண்டும் நகர்த்தி, பல நாள் உழைப்பான். அவ்வுழைப்பு முழுவதும் விலையில் ஏறும். அரசர்களும் ஆளுநர்களும் அவற்றை வாங்கினார்கள். தாழ்ப்பாள் ரைபிளோ படைகளுக்காக ஆயிரக்கணக்கில் எந்திரத்தில் கடைந்தெடுக்கப்பட்டது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். குழல் ஒன்றே, இணைக்கும் வேலை இல்லை. குறைந்த விலையில் வாங்கிய அந்த ஒற்றைக்குழல், நெடுந்தூரக் குறியில் விலையுயர்ந்த இரட்டைக்குழலை வென்றது. பொருளின் விலையும் அதன் திறமும் எப்போதும் கைகோத்துச் செல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

மருந்தும் மாறியது. கரிமருந்து வெடித்தால் வெண்புகை எழுந்து குறியையே மறைத்துவிடும். பனிமலையில் அந்தப் புகை எளிதில் கலைவதுமில்லை. 1889-இல் ஏபல், டூவர் என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, சிறிதளவு வாசலைன் ஆகியவற்றைப் பிசைந்து, சேமியாவைப்போல இழையாகப் பிழிந்தார்கள். கயிறு போன்ற வடிவினால் அதற்குக் கார்டைட் என்று பெயர். புகை இல்லை, வேகம் மிகுதி. இந்த இழைக்கும் நீலகிரிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. குன்னூருக்கும் கேத்திக்கும் இடையே அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. அதன் எந்திரங்கள் காட்டேரி நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தால் ஓடின. மலைரயில் உதகை வரை ஏறியது 1908-இல்தான். அதற்குள் மருந்துச் சாலை வேலை தொடங்கிவிட்டது. படுகரும் தமிழரும் மலையாளிகளுமான தொழிலாளர் பல தலைமுறைகளாக அங்கே பணிபுரிந்தனர். உலகின் பல போர்க்களங்களில் வெடித்த தோட்டாக்களுக்கு மருந்து செய்த மலை இது. ஆனால் அம்மலையில் பிறந்த ஒருவன் அந்தத் தோட்டாவில் ஒன்றையேனும் தன் பெயரால் வாங்க இயலாது. இங்கேதான் சட்டம் உள்ளே நுழைகிறது.

1857-க்குப் பின் ஆட்சியாளர்களின் உள்ளத்தில் ஓர் அச்சம் குடிகொண்டது. லிட்டன் பிரபு அரசப்பிரதிநிதியாக இருந்த 1878-ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று இந்தியரின் கையைக் கட்டியது. அந்த ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியருக்கோ சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் விலக்களித்தன. நீலகிரியைப் போன்ற மலையில் இதன் பொருள் யாது? தோட்டத்துரை தன் ரைபிளோடு முக்கூர்த்திக்குப் போகலாம். அவருடைய துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பாறை ஏறி ஆட்டைக் காட்டிக்கொடுப்பவன் அதே துப்பாக்கியைத் தன் குடிசையில் வைத்திருந்தால் குற்றவாளி. பத்ருத்தீன் தயாப்ஜி தலைமையில் 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. இன வேற்றுமையை விதிகளிலிருந்து நீக்குவதற்கு முதல் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

உரிமம் மட்டுமன்று, துளையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. படையினரின் 303 துளை தனியார் கைக்குச் செல்லலாகாது என்றார்கள். காரணம் வெளிப்படை. ஒருவனிடம் 303 ரைபிள் இருந்தால், பாசறையிலிருந்து களவுபோகும் தோட்டா அவனுக்குப் பயன்படும். பழைய மார்ட்டினி-ஹென்றி படைத்துப்பாக்கியின் துளை 450 என்பதால், 1907-ஆம் ஆண்டளவில் 450 துளை வேட்டை ரைபிள்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாதென்று தடுத்தார்கள். லண்டன் கொல்லர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 465, 470, 475 என்று துளையைச் சிறிது மாற்றிக்கொண்டார்கள். யானை வேட்டை நூல்களில் இந்த எண்களைப் படித்து வியக்கும் இளைஞர்கள், இவை யானையின் மண்டையை அளந்து பிறந்தவை என்று எண்ணக்கூடும். இல்லை. இந்தியனிடம் கொண்ட அச்சத்தை அளந்து பிறந்தவை அவை.

செல்வர்களின் கனத்த ரைபிளுக்கு இப்படி வழி பிறந்தது. எளியவனுக்கு? பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் படைக்காக லீ அமைப்பு ரைபிள்களைப் பெருமளவில் செய்துவந்தது. அதே எந்திரம், அதே தாழ்ப்பாள், துளை மட்டும் வேறாக இருந்தால் இந்தியாவில் விற்கலாம். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் எட்டு மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை. ஆங்கிலக் கணக்கில் அதன் பெயர் 315. அதன் அடியில் விளிம்பு உண்டு. 303 தோட்டாவுக்கும் விளிம்பு உண்டு. ஆகவே லீயின் தாழ்ப்பாளுக்கு அது நன்கு இசைந்தது. இதிலுள்ள நகைச்சுவையைக் கவனியுங்கள். 315-உம் ஒரு படைத்தோட்டாவே. ஆனால் அந்தப் படை இருந்தது வியன்னாவில். இந்தியாவில் எந்தச் சிப்பாயின் பையிலிருந்தும் அதைத் திருட முடியாது. எனவே அது குற்றமற்ற வேட்டைத் தோட்டா ஆகிவிட்டது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த 275 துளை ரிக்பி ரைபிளின் கதையும் இதுவே. அதன் தோட்டா ஸ்பானியப் படையினுடையது. கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது, அவர் விலை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இனி, 1930-களில் நீலகிரியில் வாழ்ந்த ஒரு தோட்டத்துக் கணக்கரைக் கற்பனை செய்துகொள்வோம். உரிமம் கிடைத்துவிட்டது. பணம் அதிகமில்லை. அவர் முன் சில வழிகள் இருந்தன. மௌசர் அமைப்பில் 423 துளை ஜெர்மானிய ரைபிள் உண்டு. அது காட்டெருமைக்கும் புலிக்கும் ஏற்றது, ஆனால் நெடுந்தூரக் குறிக்கு ஏற்றதன்று. 275 மிக நன்று, விலை கடிக்கும். 375 மாக்னம் கனவில் வாங்கலாம். எஞ்சியது 315. அதை வாங்கியவர் பலர். அது மிகச் சிறந்ததென்பதால் வாங்கவில்லை. ரைபிளின் விலை ஒருமுறை கொடுப்பது. தோட்டாவின் விலை ஒவ்வொரு முறையும் கொடுப்பது. ஊரில் கிடைக்காத தோட்டாவுக்குரிய ரைபிள், எவ்வளவு நேர்த்தியாயினும், சுவரில் மாட்டும் அலங்காரமே. 315 தோட்டா இந்திய நகரத்து ஆயுதக் கடைகளில் கிடைத்தது. முதல் ரைபிள் வாங்குபவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவாகத்தான் இருந்தது.

அடுத்து அவர் குழலைச் சோதித்திருக்க வேண்டும். பழைய ரைபிளாயின் இது மிகவும் இன்றியமையாதது. கார்டைட்டின் வெப்பம் குழலின் பின்வாய்ப் புரியைத் தின்றுவிடும். அக்காலத் தோட்டாக்களின் பொட்டு மருந்து விட்டுச்செல்லும் உப்பு, மழைக்காலத்து நீலகிரியில் ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெயிட்டவரின் குழல் தப்பியது. சோம்பலாயிருந்தவரின் குழலில் புரி இருந்த இடத்தில் பள்ளங்கள் இருந்தன. கட்டை பளபளப்பாக இருக்கிறதே என்று பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அப்படி ஏமாறுவோர் எக்காலத்திலும் உண்டு.

தொலைவைப் பற்றிப் பள்ளிக்கணக்கு ஒன்றைச் செய்து பார்ப்போம். 315-இன் குண்டு 244 கிரெயின் எடையுள்ளது. குழல்வாயில் நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் புறப்படும். காற்று அதனைத் தடுப்பதால் வேகம் குறைந்துகொண்டே போகும். முந்நூறு கெஜம் செல்ல அதற்கு ஏறத்தாழ அரை நொடி ஆகும். விடுபட்ட எந்தப் பொருளும் அரை நொடியில் எவ்வளவு விழும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த விதி குண்டுக்கும் பொருந்தும். குழல் நோக்கிய நேர்கோட்டிலிருந்து நூறு கெஜத்தில் நான்கு அங்குலமும், இருநூறில் ஒன்றரை அடியும், முந்நூறில் மூன்றரை அடிக்குச் சற்று மேலும் அது தாழ்ந்திருக்கும். இப்போது அந்தக் கண்மயக்கை நினைவுகூருங்கள். முந்நூறு கெஜத்திலுள்ள ஆட்டை இருநூறு கெஜம் என்று எண்ணிக் குறிவைத்தால், குண்டு ஒன்றரை அடி கீழே போகும். வரையாட்டுக் கிடாவின் நெஞ்சு அவ்வளவு ஆழமே. நெஞ்சுக்குப் புறப்பட்ட குண்டு காலை முறிக்கும். கால் முறிந்த ஆடு பாறை விளிம்பில் தாவி மறையும். எவர் கைக்கும் அகப்படாமல் எங்கோ சாகும்.

மலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. செங்குத்தாய்க் கீழ்நோக்கிச் சுடும்போது, புவியீர்ப்பு குண்டைத் தாழ்த்துவது கிடைத்தூரத்தின் கணக்கிலேயே. நாற்பத்தைந்து பாகைச் சரிவில் முந்நூறு கெஜம் தள்ளி நிற்கும் ஆட்டுக்குக் கிடைத்தூரம் இருநூற்றுப் பன்னிரண்டு கெஜமே. இதை அறியாதவன் முந்நூறுக்குக் குறிவைப்பான். குண்டு ஆட்டின் முதுகுக்கு மேலே பறக்கும். பி.எஸ்.ஏ. ரைபிள்களின் பின்குறியில் நூற்றுக்கணக்கான கெஜங்களுக்கு இலக்கமிட்ட தகடுகள் மடங்கி இருக்கும். அவை விற்பனைக்கு உதவின. வெறுங்கண்ணால் இரும்புக்குறி பார்த்து அவ்வளவு தொலைவில் ஒரு விலங்கைச் சுடுவது பெரும்பாலோருக்கு வெறும் ஆசையாகவே இருந்தது. தொலைநோக்கிக் குறியோ அன்று நடுத்தர வருவாய்க்காரன் விலை கேட்கவும் அஞ்சிய பொருள். ஆகையால் அந்தக் கணக்கருக்கு நெடுந்தூரம் என்பது நடைமுறையில் இருநூறு கெஜம்தான். அதற்கு மேல் அவர் செய்யத்தக்கது, இன்னும் ஐம்பது கெஜம் தவழ்ந்து நெருங்குவது. அதற்குப் பணம் வேண்டாம், முழங்கால் வேண்டும்.

துப்பாக்கி ஆட்டுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாழ்ப்பாள் ரைபிள் வருவதற்கு முன்பே, பழைய வகை ரைபிள்களைக் கொண்டே வரையாட்டை ஏறத்தாழ அழித்துவிட்டார்கள். டக்ளஸ் ஹாமில்டன் போன்ற படை அதிகாரிகளின் வேட்டைக் குறிப்புகள் 1892-இல் நூலாகவே வந்துள்ளன. அந்நூலை இன்று படிப்பவருக்கு வியப்போடு வருத்தமும் தோன்றாமல் இராது. அழிவைக் கண்டு அஞ்சியவர்களும் அதே வேட்டைக்காரர்கள்தாம். 1877-இல் நீலகிரி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். 1879-இல் சென்னை மாகாணத்தின் இரண்டாம் சட்டமாக, நீலகிரி விலங்குகளுக்கும் மீன்களுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் பிறந்தது. சுடாத காலம் குறிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் விதிக்கப்பட்டது. வரையாட்டில் முதுகு வெளுத்த முதிய கிடாவை மட்டுமே சுடலாம் என்பது மரபாயிற்று.

இச்சட்டத்தைப் புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கட்டணமும் பருவமும் வேட்டையை விளையாட்டாகக் கொண்டவனுக்கு எளிய விதிகள். இறைச்சிக்காகவோ பயிர்க்காவலுக்காகவோ நாட்டுத்துப்பாக்கி ஏந்திய மலைக்குடியானவனுக்கு அவை பூட்டிய கதவு. அதே சமயம் அச்சட்டம் இல்லாதிருந்தால் முக்கூர்த்தியின் பாறைகள் வெறும் பாறைகளாய் இருந்திருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே நேர்மை. பின்னர் அச்சங்கத்தின் செயலாளராக விளங்கிய ஈ.ஆர்.சி. டேவிதார் ரைபிளை விட்டுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, 1963-இல் நீலகிரியின் வரையாடுகளைக் கால்நடையாய்ச் சென்று எண்ணினார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முழுப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. 1991-இன் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழக்கத்தையே நீக்கியது. தமிழ்நாடு அரசு 2023-இல் வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2024-இல் எடுத்த கணக்கில் மாநிலம் முழுவதும் 1,031 ஆடுகள் இருந்தன.

அந்த 315 என்னவாயிற்று? ஆட்சி மாறியது; துளை மாறவில்லை. விடுதலை பெற்ற இந்தியா 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டத்தின் இறுக்கம் சில இடங்களில் தளர்ந்தது. காவலுக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியும், பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியும் கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று அது கூறுகிறது. ரைபிளுக்கு அத்தகைய சலுகை இல்லை. தக்க காரணம் காட்ட வேண்டும். 303 இப்போதும் தடைசெய்யப்பட்ட துளையே. அந்நியன் தன் குடிகளிடம் கொண்ட ஐயத்தால் வகுத்த கோட்டை, நம் அரசு பொது அமைதிக்காக என்று சொல்லி அப்படியே வைத்துக்கொண்டது. இதை ஏற்பதா மறுப்பதா என்பதில் அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. பல கைகள் மாறும் ரைபிள்களின் தீமையை அறிந்தவன் என்ற முறையில், நான் அந்தக் கோட்டை அழிக்கச் சொல்பவன் அல்லன். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு ஏற்பது வேறு, தெரியாமல் ஏற்பது வேறு.

வங்காளத்து இச்சாப்பூரில் படைக்காக 303 ரைபிள் கடைந்த அரசுத் தொழிற்சாலையே, பொதுமக்களுக்காக 315 விளையாட்டு ரைபிளையும் செய்தது. அதே லீயின் தாழ்ப்பாள். அதே வியன்னாவின் தோட்டா. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு 1918-இல் மறைந்தது; அதன் தோட்டா இந்தியாவில் அரசு முத்திரையோடு வாழ்ந்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இச்சாப்பூர் ஒரு நிறுவனத்தின் கீழும் அருவங்காடு வேறொன்றின் கீழும் சென்றன. ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019-இன் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது.

இன்று நீலகிரியில் ரைபிள் உரிமம் வைத்திருப்பவர் சுடுவதற்கு வரையாடும் இல்லை, மானும் இல்லை. குறிபார்க்கும் பயிற்சிக்களத்தில் அட்டை இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் நாட்டின் மற்ற மாவட்டங்களைப்போல இங்கும் உரிமதாரர்களைத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். தாத்தா வாங்கிய 315-ஐப் பேரன் துணியில் சுற்றி எடுத்துப் போவான். எழுத்தர் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு சீட்டுக் கட்டுவார். வாக்கு எண்ணி முடிந்த பின் அவன் சீட்டைக் காட்டி அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வான்.